மூன்று வாரச் சைக்கிள் பந்தயத்துக்குப் பாதை வரைவது எப்படி? டைம் டிரையலையும் மலையையும் சமன்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

டூர் டி பிரான்ஸின் அடுத்த ஆண்டுப் பாதை வழக்கமாக அக்டோபரில் பாரிஸில் அறிவிக்கப்படும். வரைபடம் வெளியானதும் ரசிகர்கள் இரண்டு எண்களைத் தேடுகிறார்கள். டைம் டிரையல் (வீரர்கள் தனித்தனியாகக் கடிகாரத்துடன் போட்டியிடும் ஓட்டம்) மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? மலையுச்சியில் முடியும் கட்டங்கள், அதாவது ஒருநாள் ஓட்டங்கள், எத்தனை? இவற்றை வைத்தே இந்தப் பாதை யாருக்குச் சாதகம் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பு பாதி நேரம் பிழையாகிறது. எவ்வளவு என்பதைவிட எது முதலில் வருகிறது, எது பின்னால் வருகிறது, இடையே எத்தனை வாய்ப்புகள் கிடைக்கின்றன என்பவையே பந்தயத்தைத் தீர்மானிக்கின்றன.

தாங்களாகவே ஒரு பாதையை வரைந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகவும், அறிவிக்கப்பட்ட பாதையைச் சரியாகப் படித்துப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். பிரான்ஸின் டூர் டி பிரான்ஸ், இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா, ஸ்பெயினின் வுவெல்டா எஸ்பான்யா ஆகிய மூன்று வாரப் பந்தயங்கள் மூன்றுக்கும் இது பொருந்தும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டைம் டிரையலைக் குறைத்தால் மலைப் பந்தயம் சூடுபிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். நடப்பது பெரும்பாலும் நேர்மாறானது. மலையேறும் வீரரின் தலையில் நேரக் கடன் இருந்தால்தான், அதாவது போட்டியாளருக்குப் பின்தங்கியிருந்தால்தான், அவர் மலையில் துணிந்து முன்னே பாய்வார். கடன் இல்லாதவர் கடைசி மூன்று கிலோமீட்டர் வரை பொறுத்திருப்பார்.

படி 1: எலும்புக்கூட்டை வையுங்கள்

21 கட்டங்கள், இரண்டு ஓய்வு நாள்கள், மொத்தம் சுமார் 3,300 முதல் 3,400 கி.மீ. இதில் வேக ஓட்டக்காரர்களுக்கான சமவெளிக் கட்டங்கள் ஐந்து முதல் ஏழு வரை தேவை. மேடு பள்ளமான கட்டங்கள் நான்கைந்து இருந்தால், கூட்டத்திலிருந்து பிரிந்து ஓடுகிறவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கிடைக்கும். மிச்சமிருக்கும் பத்துப் பதினொரு நாள்கள்தான் உங்கள் கையில் உள்ள மூலதனம். பொதுவாக இரண்டு நாள்கள் டைம் டிரையலுக்கும், ஏழெட்டு நாள்கள் மலைக்கும் போகும். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டினால் மிகக் குறைவாக எடுத்தவரே ஒட்டுமொத்த வெற்றியாளர்; அவர் இந்த நாள்களில்தான் உருவாகிறார்.

டைம் டிரையல் என்பது வீரர்கள் ஒன்று அல்லது இரண்டு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, யாருடைய முதுகுக்குப் பின்னும் ஒதுங்காமல் ஓட்டி முடிப்பது. எடுத்த நேரம் மட்டுமே கணக்கு. அணியினரின் உதவி இல்லை, தந்திரத்துக்கு இடமில்லை. டூரில் இது முதன்முதலாக 1934-இல் இடம்பெற்றது. பிரனே மலைகளின் பெரிய கணவாய்கள் அதற்கு முன்பே, 1910-இல் வந்துவிட்டன. மலையுச்சியில் கட்டம் முடிவதோ 1952-இல்தான் தொடங்கியது. அந்த ஆண்டு ஆல்ப் துவே, செஸ்த்ரியேர், புய் த தோம் ஆகிய மூன்று உச்சிகளிலும் ஃபாவ்ஸ்தோ கோப்பியே வென்றார்.

படி 2: மாற்று விகிதத்தைக் கணக்கிடுங்கள்

எத்தனை கிலோமீட்டர் டைம் டிரையலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஏற்றம் ஈடாகும்? இதற்குக் கொஞ்சம் இயற்பியல் தேவை.

சமவெளியில் 50 கி.மீ. வேகத்தில் போகும் வீரர் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. உடல் எடை அங்கே பெரிய சுமையல்ல. எவ்வளவு வாட் மிதிக்கிறார், எவ்வளவு ஒடுங்கி அமர்கிறார் என்பவைதான் முக்கியம். 8 சதவீத ஏற்றத்தில் நிலைமை தலைகீழாகிறது. புவியீர்ப்பே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. அங்கே ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்பதுதான் கேள்வி.

கணக்குக்காக இரண்டு வீரர்களைக் கற்பனை செய்வோம். முதலாமவர் 72 கிலோ. நீடித்து 430 வாட் மிதிப்பார். இரண்டாமவர் 60 கிலோ. 375 வாட் மிதிப்பார். சைக்கிளும் மற்றவையும் சேர்ந்து 8 கிலோ என்று வைப்போம். டைம் டிரையல் அமர்வில் காற்று எதிர்க்கும் பரப்பு முதலாமவருக்கு 0.22 சதுர மீட்டர், சிறிய உடல் கொண்ட இரண்டாமவருக்கு 0.20. காற்று இல்லாத நாளில் 40 கி.மீ. சமவெளி டைம் டிரையலை முதலாமவர் சுமார் 46 நிமிடம் 14 விநாடியில் முடிப்பார். இரண்டாமவர் அவருக்கு 35 விநாடி பின்தங்குவார். அடுத்து 8 சதவீதச் சரிவில் 10 கி.மீ. ஏற்றம். இப்போது இலகுவானவர் சுமார் 27 நிமிடம் 40 விநாடியில் ஏறிவிடுவார். கனமானவர் அவருக்குப் பின்னால் 28 விநாடி.

ஆக, இந்த இருவருக்கும் 40 கி.மீ. டைம் டிரையல் ஏறக்குறைய 12 அல்லது 13 கி.மீ. கடும் ஏற்றத்துக்குச் சமம். ஆனால் இலகுவானவரின் அமர்வு சரியில்லாமல் அவருக்கும் 0.22 என்று ஆனால், 35 விநாடி இழப்பு 2 நிமிடத்தைத் தாண்டிவிடும். கடந்த சில ஆண்டுகளில் மலை வீரர்களும் காற்றுச் சுரங்கச் சோதனைகளில் நேரம் செலவிடுவதற்கு இதுவே காரணம். பழைய காலத்து விகிதத்தை வைத்து இன்றைய பாதையை எடைபோடுவதும் இதனால்தான் தவறு.

காகிதக் கணக்கு சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. டைம் டிரையலில் ஒவ்வொரு கிலோமீட்டரும் நிச்சயமாக நேரத்தைப் பிரிக்கும். மலை அப்படியல்ல, அது வாய்ப்பைத்தான் தருகிறது. யாரும் பாயாவிட்டால் 60 கி.மீ. ஏற்றமும் பூஜ்யம் விநாடியில் முடியும். அதனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கும்போது மலைப் பக்கத்தில் எப்போதும் தாராளமாகவே போட வேண்டும்.

படி 3: டைம் டிரையலின் மொத்த நீளத்தை முடிவு செய்யுங்கள்

வரலாற்றில் இரண்டு எல்லைகளும் சோதிக்கப்பட்டுவிட்டன.

1992 டூரில் தனிநபர் டைம் டிரையல் மட்டும் 137 கி.மீ.: 8 கி.மீ. தொடக்க ஓட்டம், லக்ஸம்பர்க்கில் 65, தூர் நகரிலிருந்து ப்ளுவா வரை 64. மூன்றையும் மிகேல் இந்துரைன் வென்றார். லக்ஸம்பர்க்கில் இரண்டாம் இடத்துக்கும் அவருக்கும் 3 நிமிட இடைவெளி. பந்தயம் அங்கேயே முடிந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அதே டூரில்தான் செஸ்த்ரியேர் கட்டம் நடந்தது. 254 கி.மீ. நீளமான அந்த நாளில் கிளாவுடியோ கியாப்புச்சி முதல் ஏற்றத்திலேயே பாய்ந்து, பிறகு 100 கி.மீ.க்கு மேல் தனியாக ஓட்டி வென்றார். இந்துரைன் 1 நிமிடம் 45 விநாடி பின்னால் வந்தார். கடன் மலைபோல இருந்ததால்தான் கியாப்புச்சிக்கு அந்தத் துணிச்சல் வந்தது. கடைசி ஏற்றம் வரை காத்திருந்தால் அவருக்கு எதுவும் மிஞ்சியிருக்காது. அந்தக் காலத்தின் மீது படிந்திருக்கும் ஊக்கமருந்து நிழலை நான் மறக்கவில்லை. பாதை எப்படி வீரரைப் பாயத் தூண்டுகிறது என்பதற்காக மட்டுமே இந்த உதாரணம். கியாப்புச்சி பாரிஸில் 4 நிமிடம் 35 விநாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். கடன் அளவுக்கு மீறினால் பாய்ச்சல் அழகாக இருக்கும், வெற்றி கிடைக்காது.

மறு எல்லை 2015. அந்த டூரில் தனிநபர் டைம் டிரையல் யுட்ரெக்ட் நகரில் 13.8 கி.மீ. மட்டும். மலை வீரர் நைரோ கின்டானாவுக்காகவே வரையப்பட்ட பாதை என்று பேசப்பட்டது. கின்டானா 1 நிமிடம் 12 விநாடியில் கிறிஸ் ஃப்ரூமிடம் தோற்றார். அந்த நேரம் எங்கே போனது? இரண்டாம் நாள் நெதர்லாந்துக் கடற்கரையில் பக்கக் காற்று வீசியபோது கூட்டம் பிளந்தது. கின்டானா அங்கே 1 நிமிடம் 28 விநாடி இழந்தார். டைம் டிரையலை நீக்கினாலும் சமவெளி மலை வீரரிடமிருந்து தன் பங்கை வாங்கிக்கொள்ளும். மலையில் அவர் பலமாகப் பாய்ந்ததோ கடைசி இரண்டு மலை நாள்களில்தான்.

இதைவிடத் தெளிவான பாடம் 2022 ஜிரோ. டைம் டிரையல் மொத்தம் 26.6 கி.மீ.: புடாபெஸ்டில் 9.2, கடைசி நாள் வெரோனாவில் 17.4. விளைவு? எட்னா, ப்ளாக்ஹாவ்ஸ் மலைகளையெல்லாம் கடந்து 20-ஆம் கட்டம் தொடங்கும்போது ரிச்சர்ட் கரபாஸுக்கும் ஜெய் ஹிண்ட்லிக்கும் இடையே 3 விநாடிதான். பந்தயம் ஃபெதையா கணவாயின் கடைசிச் சில கிலோமீட்டரில் முடிவானது. அந்தச் சில நிமிடங்கள் அபாரமானவை. ஆனால் அதற்காக ஏறக்குறைய மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

என் பரிந்துரை: மொத்தம் 55 முதல் 75 கி.மீ., இரண்டு கட்டங்களாக. அதில் ஒன்றாவது 35 கி.மீ.க்குக் குறையாத, உண்மையான சமவெளி ஓட்டமாக இருக்க வேண்டும். 2024 டூரில் மொத்தம் 59 கி.மீ. இருந்தது, எண்ணிக்கை சரி. ஆனால் இரண்டாவதாக வந்த மொனாக்கோ–நீஸ் பாதை மலைச்சாலை வழியே போனது. அது அடுத்த படிக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

படி 4: எந்த வகை டைம் டிரையல்?

2020 டூரின் ஒரே டைம் டிரையல் 36.2 கி.மீ. அதில் முதல் 30 கி.மீ. சமவெளியும் மேடு பள்ளமும், கடைசி 5.9 கி.மீ. லா ப்ளான்ஷ் தே பெல் ஃபீய் ஏற்றம், சராசரி 8.5 சதவீதம். ஏற்றத்தின் அடிவாரத்தில் பலர் கனமான டைம் டிரையல் சைக்கிளை விட்டு இறங்கி, மெக்கானிக் நீட்டிய இலகுவான சாலைச் சைக்கிளுக்கு மாறினார்கள். இறங்கி, ஏறி, ஒரு தள்ளு வாங்கி மீண்டும் வேகம் பிடிக்கச் சில விநாடிகள் செலவாகும். ஏற்றத்தில் அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதுதான் சூதாட்டம். பிரிமோஸ் ரோக்லிச் 57 விநாடி முன்னிலையுடன் புறப்பட்டார். தடேய் பொகாச்சரிடம் 1 நிமிடம் 56 விநாடி இழந்தார். டூர் 59 விநாடியில் கைமாறியது.

2023 டூரில் பாஸி–கோம்ப்ளூ இடையே 22.4 கி.மீ. அங்கே ஜோனஸ் விங்கெகோர் சைக்கிளை மாற்றவில்லை, பொகாச்சர் மாற்றினார். முடிவில் விங்கெகோர் 1 நிமிடம் 38 விநாடி முன்னால். அதே ஆண்டு ஜிரோவில் மோன்தே லுஸ்ஸாரி: 18.6 கி.மீ., அதில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் சராசரி 12 சதவீத ஏற்றம். ஜெரைன்ட் தாமஸுக்கு 26 விநாடி பின்தங்கியிருந்த ரோக்லிச், நடுவழியில் சங்கிலி கழன்றும்கூட 40 விநாடி எடுத்து, ஜிரோவை 14 விநாடியில் வென்றார்.

இவை கண்கொள்ளாக் காட்சிகள், மறுக்கவில்லை. ஆனால் பாதை வரைபவர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்க வேண்டும்: மலை டைம் டிரையலை டைம் டிரையல் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அணி உதவி இல்லாத மலைக் கட்டம். 2025 டூரில் கான் நகரில் 33 கி.மீ. சமவெளியும், பெய்ராகுட் ஏற்றத்தில் 10.9 கி.மீ. மலை ஓட்டமும் இருந்தன. மொத்தம் 44 என்று அறிவிப்பு சொல்லும். சமநிலைக் கணக்கில் 33 மட்டும்தான் ஒரு பக்கம்; 10.9 எதிர்ப்பக்கத் தட்டில் விழும்.

ஓர் அணியின் வீரர்கள் சேர்ந்து ஓட்டும் அணி டைம் டிரையல் பற்றிச் சுருக்கமாக: பணக்கார அணிக்கு அது கூடுதல் பரிசு. வைத்தாலும் 25 கி.மீ.க்குள், முதல் வாரத்தில் வையுங்கள்.

படி 5: மலைகளை எடையிட்டுத் தேர்ந்தெடுங்கள்

மலையுச்சி முடிவுகளை எண்ணுவது எளிது. ஆனால் எல்லா உச்சிகளும் ஒன்றல்ல.

ஸ்பெயினின் ஆங்லிரு 12.5 கி.மீ.; சராசரி 10 சதவீதத்தை ஒட்டியது, உச்சபட்சம் 23 சதவீதத்துக்கு மேல். இத்தாலியின் சோன்கோலான், ஓவாரோ பக்கத்திலிருந்து 10.1 கி.மீ., சராசரி கிட்டத்தட்ட 12 சதவீதம். இவ்வளவு செங்குத்தில் வேகம் குறைந்துவிடுவதால் இன்னொருவர் பின்னால் ஒதுங்குவதில் பயனே இல்லை. ஒவ்வொருவரும் தன் தாளத்தில் ஏறுவார்கள். வலிமையில் உள்ள வேறுபாடு அப்படியே வெளிப்படும், தந்திரம் மறைந்துவிடும். இன்னொரு தீமையும் உண்டு. எல்லோரும் அந்தக் கடைசிச் சுவரை நினைத்தே முந்தைய நான்கு மணி நேரமும் சக்தியைச் சேமிப்பார்கள். அச்சம் பந்தயத்தை உறைய வைத்துவிடும்.

நீண்ட, உயரமான கணவாய்கள் வேறு மாதிரி வேலை செய்கின்றன. 2,642 மீட்டர் உயர கலிபியேர், 2,700 மீட்டரைத் தாண்டும் ஸ்தெல்வியோ போன்றவற்றில் ஒரு மணி நேரம் வரை ஏற வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் ஆக்சிஜன் குறையக் குறைய உடல் தரும் சக்தியும் குறையும். அந்தக் குறைவு எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது. துணை வீரர்கள் ஒவ்வொருவராக உதிர்ந்து தலைவர் தனியாக நிற்பது இத்தகைய நாளில்தான். இரண்டு பெரிய கணவாய்களைத் தொடர்ந்து வைத்து, கடைசிக்கு முந்தைய ஏற்றத்தைக் கடைசி ஏற்றத்தைவிடக் கடினமாக அமைப்பதே எனக்குப் பிடித்த வடிவம். கடைசி ஏற்றம் 5 அல்லது 6 சதவீதத்தில் மிதமாக இருந்தால், அதுவரை காத்திருப்பவருக்கு லாபம் இல்லை. முந்தைய ஏற்றத்திலேயே பாய்ந்தாக வேண்டும்.

இறக்கத்தில் முடியும் மலைக் கட்டத்தையும் ஒன்றிரண்டு வையுங்கள். இறக்கத் திறமையும் சைக்கிளோட்டத்தின் பகுதிதான். ஆனால் உச்சிக்கும் கோட்டுக்கும் இடையே 20 கி.மீ. சமவெளி இருக்கக் கூடாது. பிரிந்து போனவர்களைக் கூட்டம் அங்கே விழுங்கிவிடும்.

எனவே ஏழு மலை நாள்கள் இருந்தால் இப்படிப் பிரிப்பேன்: செங்குத்தான குறும் உச்சி ஒன்று, ஒரே நீண்ட ஏற்றத்தில் முடிவது இரண்டு, பல கணவாய்கள் கொண்ட நெடும் நாள்கள் இரண்டு, இறக்கத்தில் முடிவது ஒன்று, 120–130 கி.மீ. மட்டுமே நீளமான, தொடக்கத்திலேயே ஏற்றம் வரும் சுருக்கமான வெடிநாள் ஒன்று.

படி 6: வரிசையை அமையுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். நன்றாக அமைந்த ஒரு பாதையை நுணுக்கமாகப் பார்ப்போம்: 2017 ஜிரோ.

அதில் இரண்டு டைம் டிரையல்கள். 10-ஆம் கட்டம் உம்ப்ரியாவின் திராட்சைத் தோட்டங்கள் வழியே 39.8 கி.மீ.; கடைசி நாள் மோன்சாவிலிருந்து மிலான் வரை 29.3 கி.மீ. டைம் டிரையல் வல்லவரான டாம் டுமுலாங் அதற்கு முன் ப்ளாக்ஹாவ்ஸ் மலையில் சிறிது இழந்திருந்தார். 10-ஆம் கட்டத்தில் அவர் கின்டானாவிடமிருந்து 2 நிமிடம் 53 விநாடி எடுத்தார். கின்டானாவின் தலையில் கடன் ஏறியது. அதை அடைக்க அவருக்கு இன்னும் பத்து நாள்கள் இருந்தன. ஸ்தெல்வியோவைக் கடந்து போர்மியோவில் முடிந்த 16-ஆம் கட்டத்தில் டுமுலாங்குக்கு வயிறு சரியில்லாமல் வழியில் நிற்க நேர்ந்தது. 2 நிமிடம் 41 விநாடியாக இருந்த முன்னிலை 31 விநாடியாகச் சுருங்கியது. 19-ஆம் நாள் பியாங்கவாலோவில் கின்டானா முன்னிலை பெற்றார், 38 விநாடியில். மறுநாள் அசியாகோவில் அதை 53 விநாடியாக்கினார். ஆனால் மிலானில் 29.3 கி.மீ. காத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். 53 போதாது என்பதும் தெரியும். அந்த அறிவுதான் கடைசி இரண்டு மலை நாள்களில் எல்லோரையும் விரட்டியது. மிலானில் கின்டானா 1 நிமிடம் 24 விநாடி இழந்தார். டுமுலாங் 31 விநாடியில் வென்றார். மூன்றாமவர் நிபாலி 40 விநாடி பின்னால், நான்காமவர் பினோ 1 நிமிடம் 17 விநாடி பின்னால்.

இரண்டு டைம் டிரையல்களிலும் சேர்த்து கின்டானா இழந்தது 4 நிமிடம் 17 விநாடி. ஏறக்குறைய முழுவதையும் அவர் மீட்டார். கடன் பெரியது, ஆனால் அடைக்கக்கூடியது. அடைக்கப் போதுமான மலைகளும் இருந்தன. சமநிலை என்று நான் சொல்வது இதைத்தான்.

இதிலிருந்து வரிசைக்கான விதி பிறக்கிறது. நீண்ட சமவெளி டைம் டிரையலை முதல் பாதியின் முடிவில், 7 முதல் 10-ஆம் கட்டத்துக்குள் வையுங்கள். கடன் அங்கே எழுதப்படும். பெரிய மலைகள் அதன்பின் வரட்டும். இரண்டாவதாக 25–30 கி.மீ. ஓட்டம் ஒன்றைக் கடைசி மலைக்குப் பிறகு வையுங்கள். அந்த ஓட்டம் நடக்கும் நாளைவிட, அதற்கு முந்தைய மூன்று நாள்களில்தான் அதன் பலன் தெரியும்.

2011 டூர் இதற்குச் சான்று. கிரெனோபிளில் 42.5 கி.மீ. டைம் டிரையல் 20-ஆம் கட்டமாகக் காத்திருந்தது. ஆண்டி ஷ்லெக்குக்குத் தன் பலவீனம் தெரியும். 18-ஆம் கட்டத்தில், முடிவுக்கு 60 கி.மீ. இருக்கும்போதே இஸுவார் கணவாயில் பாய்ந்து, கலிபியேர் உச்சியில் வென்றார். கேடல் எவன்ஸ் எவரும் உதவாத நிலையில் கூட்டத்தின் முன்னால் நின்று இழுத்து, இழப்பை 2 நிமிடம் 15 விநாடிக்குள் நிறுத்தினார். கிரெனோபிளுக்கு ஷ்லெக் 57 விநாடி முன்னிலையுடன் வந்தார்; அங்கே 2 நிமிடம் 31 விநாடி இழந்து, டூரை 1 நிமிடம் 34 விநாடியில் எவன்ஸிடம் விட்டார். டைம் டிரையல் இல்லாவிட்டால் இஸுவாரில் அந்தப் பாய்ச்சலுக்கே தேவை இருந்திருக்காது.

எதிர் உதாரணம் அடுத்த ஆண்டே வந்தது. 2012 டூரில் டைம் டிரையல் 101 கி.மீ.; பெரிய மலையுச்சி முடிவுகள் மூன்றே. 41.5 கி.மீ., 53.5 கி.மீ. ஆகிய இரண்டு நீண்ட ஓட்டங்களையும் பிராட்லி விக்கின்ஸ் வென்றார். கடன் ஏறியது, ஆனால் அதை அடைக்க மலை போதவில்லை. அவருடைய அணி முன்னால் நின்று சீரான வேகத்தில் ஏற, மற்றவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். 2012-இல் குறை டைம் டிரையலில் இல்லை. மலைப் பக்கத்தில் இருந்தது.

கடைசி நாளிலேயே டைம் டிரையல் வைக்கலாமா? 1989-இல் வெர்சாய்–பாரிஸ் 24.5 கி.மீ.; 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் 58 விநாடி எடுத்து, லோரான் ஃபினியோனை 8 விநாடியில் வென்றார். அத்தகைய முடிவு அரிதாகவே வாய்க்கும். இடைவெளி 3 நிமிடமாக இருந்தால் அதே கடைசி நாள் வெறும் சடங்கு. ஆனாலும் அதன் நிழல் முந்தைய மலைகளில் விழுவதால் ஜிரோவுக்கு அது நல்ல தேர்வுதான். டூருக்குப் பாரிஸின் கடைசி நாள் மரபு இருப்பதால் 20-ஆம் கட்டமே பொருத்தம்.

படி 7: தாளமும் சின்னக் கணக்குகளும்

பெரிய மலை நாள்களைச் சனி, ஞாயிறுகளில் வையுங்கள். மக்கள் சாலையோரம் வருவது அப்போதுதான். டைம் டிரையலுக்கு மறுநாள் மிகக் கடினமான மலையை வைப்பது உடல்களை உடைத்துப் பார்க்கும். 2023-இல் கோம்ப்ளூவுக்கு மறுநாள் லா லோஸ் கணவாயில் பொகாச்சர் 5 நிமிடத்துக்கு மேல் இழந்தது நினைவிருக்கும். மூன்று வாரத்தில் ஒருமுறை அப்படிச் செய்யலாம்.

முடிவுக் கோட்டில் முதல் மூவருக்குத் தரப்படும் 10, 6, 4 விநாடிச் சலுகைகளை மறந்துவிடாதீர்கள்; அந்த விநாடிகள் அவர்களின் மொத்த நேரத்திலிருந்து கழிக்கப்படும். ஆறு மலையுச்சி முடிவுகளில் கடைசி 200 மீட்டரில் வேகமெடுக்கத் தெரிந்த மலை வீரருக்கு இவை ஒரு நிமிடம் வரை சேர்த்துத் தரும். டைம் டிரையலில் இந்தச் சலுகை கிடையாது. எனவே உச்சி முடிவுகள் கூடக் கூட, சமவெளி ஓட்டத்தையும் சில கிலோமீட்டர் கூட்டுங்கள்.

படி 8: மூன்று வீரர்களை ஓட்டிப் பாருங்கள்

வரைந்த பாதையில் மூன்று கற்பனை வீரர்களைக் காகிதத்தில் ஓட விடுங்கள்: டைம் டிரையல் வல்லவர், தூய மலை வீரர், இரண்டும் ஓரளவு தெரிந்தவர். என் மாதிரிப் பாதை இது. 7-ஆம் கட்டம் 38 கி.மீ. சமவெளி டைம் டிரையல். 9-இல் நடுத்தர மலையுச்சி. 13 முதல் 15 வரை பிரனே மலைகள். 17 முதல் 19 வரை ஆல்ப்ஸ். 20-இல் 27 கி.மீ. டைம் டிரையல்.

38 கி.மீ.யில் தூய மலை வீரர் வல்லவரிடம் 2 முதல் 2½ நிமிடம் இழக்கலாம். ஓர் உச்சி முடிவில் சாதாரணமாக மீட்கக்கூடியது 20 முதல் 40 விநாடி. பல கணவாய்கள் கொண்ட நாள் சரியாக அமைந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல். ஏழு மலை நாள்களில் இரண்டு வீணாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சம் ஐந்தில் அவர் 3 முதல் 4 நிமிடம் எடுக்க முடிந்தால், 20-ஆம் கட்டத்துக்குச் சுமார் ஒன்றரை நிமிட முன்னிலையுடன் வருவார். அங்கே அதே அளவு இழப்பார். கணக்கு நெருங்கிவிட்டது. மூவரில் எவருக்கும் 17-ஆம் நாளுக்கு முன்பே கதை முடிந்துவிடக் கூடாது. முடிந்தால், கிலோமீட்டரை மாற்றுவதற்கு முன் வரிசையை மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

படி 9: மலை ரத்தானால்?

பலர் விட்டுவிடும் படி இது. டைம் டிரையல் ஏறக்குறைய எந்த வானிலையிலும் நடந்துவிடும். 2,000 மீட்டர் கணவாயில் பனி விழுந்தால் மலை காணாமல் போகும். அப்போது தராசின் ஒரு தட்டு மட்டும் காலியாகும்.

1984 ஜிரோவில் பனியைக் காரணம் காட்டி ஸ்தெல்வியோ நீக்கப்பட்டது. சாலை திறந்தே இருந்தது என்று ஃபினியோன் தரப்பு குமுறியது. 1 நிமிடம் 21 விநாடி முன்னிலையுடன் அவர் கடைசி நாளுக்கு வந்தார். வெரோனாவில் முடிந்த 42 கி.மீ. டைம் டிரையலில் பிரான்செஸ்கோ மோசர் 2 நிமிடம் 24 விநாடி எடுத்து, ஜிரோவை வென்றார். 2013-இல் காவியாவும் ஸ்தெல்வியோவும் இடம்பெற்ற 19-ஆம் கட்டம் முழுவதுமே பனியால் ரத்தானது. ஜூலையிலும் பாதுகாப்பில்லை: 2019 டூரில் ஆலங்கட்டி மழையும் மண்சரிவும் கட்டம் முடியவிருந்த தீன்யே செல்லும் சாலையை மூட, 2,770 மீட்டர் இஸெரான் உச்சியில் எடுத்த நேரமே கணக்கானது, எகான் பெர்னால் மஞ்சள் ஜெர்சியை, அதாவது ஒட்டுமொத்த முன்னிலையை, பெற்றார். மறுநாள் கட்டமும் 59 கி.மீ.யாகக் குறைக்கப்பட்டது.

ஆகவே, மீட்பு வாய்ப்பு முழுவதையும் ஒரே உயர்ந்த கணவாயில் குவிக்காதீர்கள். மே மாத ஜிரோவில் 2,000 மீட்டரைத் தாண்டும் நாள்களை இரண்டு வெவ்வேறு மலைத்தொடர்களில், குறைந்தது மூன்று நாள் இடைவெளியில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 1,700 மீட்டருக்குக் கீழே ஒரு மாற்றுப் பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து வையுங்கள். அதன் மொத்த ஏற்றம் அசல் பாதையின் ஏற்றத்தில் முக்கால் பங்காவது இருக்க வேண்டும். மாற்றே கிடைக்காத கணவாய் என்றால், அதற்குப் பின் வரும் டைம் டிரையலை 30 கி.மீ.க்கு மேல் நீட்டாதீர்கள்.

இப்போது படி 8-க்குத் திரும்பி, மிகப் பெரிய மலை நாளை அடித்துவிட்டு அதே மூன்று வீரர்களை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். மலை வீரருக்கு அப்போதும் வெல்ல ஒரு வழி தெரிந்தால், பாதையை அறிவிக்கலாம்.